முடிச்சூர் சாலை, டிசம்பர் 2015

நவம்பர் 29, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காலைப் பூசையில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை பாசிப்பயறு வறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். முந்திரிக்கொத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். வறுத்து டின்னில் போட்டால்தான் அவர்களுக்கு மனசு அடங்கும். வடக்கன்குளத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் கிறிஸ்துமஸ் அவர்களுக்குப் பயறு வறுக்கும் வாசனையில்தான் தொடங்குகிறது.

இந்த மாத நடுவில் வாசல்வரை வந்த தண்ணீர் வடிந்து, தரை ஒருவழியாகக் காய்ந்திருக்கிறது. பாப்பா பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கிவிட்டாள்.

டிசம்பர் 1, செவ்வாய்

விடாத மழை. கரண்ட் இல்லை. போன் செத்துவிட்டது.

டிசம்பர் 3, வியாழன்

பக்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பாவின் ரஃப் நோட்டு இது ஒன்றுதான் நனையாமல் தப்பியது.

முந்தாநாள் இரவு தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைக்குழி வழியாக வீட்டுக்குள்ளிருந்தே ஏறியது. பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகளைக் கட்டிலில் தூக்கிப் போட்டோம். அரைமணி நேரத்தில் கட்டிலும் நனைந்தது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்தபோது பாப்பா அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதுதான் நடுவில் இருந்த காம்பவுண்டு சுவர் விழுந்தது. அந்த இடைவெளியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. "டீச்சர், பாட்டிம்மாவ முதல்ல குடுங்க!" பக்கத்து வீட்டு சார்தான். மார்பளவு தண்ணீரில் நின்று அத்தையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

நானும் சாரும் சரியாகப் பேசிப் பல வருஷம். எங்கள் வீடு 1996இல் கட்டியது. அன்று சாலையிலிருந்து இரண்டு படி ஏறி வருவோம். தார் மேல் தார் போட்டுப் போட்டு, இப்போது சாலையிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வர வேண்டும். அவர் பிறகு வந்தவர். மனையில் மூன்றடிக்கு மண் அடித்து, அதற்குமேல் பேஸ்மட்டம் எழுப்பினார். அந்த வருஷத்திலிருந்து அவர் மனையில் விழும் மழையும் எங்கள் வாசலுக்குத்தான். நான் போய்க் கேட்டேன், சண்டையானது. அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

இப்போது அவர் மனைவியின் புடவையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு அறையில் நான்கு குடும்பம். பின்வீட்டு அக்கா ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, எங்களுடையதைவிடத் தாழ்வு. தையல் மெஷினை விட்டுவிட்டு வந்தவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டிசம்பர் 4

படகு வந்தது. அத்தை ஏற மாட்டேன் என்றுவிட்டார்கள். நாங்களும் போகவில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. பூசைக்குப் போக வழியில்லை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு போனில் சிக்னல் வந்து, மஸ்கட்டிலிருந்து தம்பி பேசினான். பேசவில்லை, அழுதான்.

ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழையாம். மாடியில் எல்லோர் வாயிலும் செம்பரம்பாக்கம் ஏரிதான். சார் மட்டும் தலையாட்டி மறுத்தார். "செம்பரம்பாக்கம் உபரித் தண்ணி அடையாத்துல சேர்றதே திருநீர்மலைப் பக்கம். அது நமக்குக் கீழ. அங்க தொறந்து விட்டா அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டைக்குப் போகும். நமக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிங்க தண்ணி."

அவருடைய அம்மா பிறந்தது மண்ணிவாக்கத்தில். கண் சரியாகத் தெரியாது, ஆனால் திசை தெரிகிறது. ஜன்னல் பக்கம் கையை நீட்டிச் சொன்னார்: "இங்க ஏது வூடு? எல்லாம் நஞ்சை. தோ, டீச்சரம்மா சமையகட்டு இருக்குதே, அது வழியாத்தான் கால்வா போவும். மாடு தண்ணி குடிக்கும்."

யாரும் பதில் சொல்லவில்லை. நான் பாத்திரம் கழுவப் போனேன்.

இரவு அந்த வீட்டில் மிச்சமிருந்தவை இரண்டு மெழுகுவர்த்திகள். சாரின் மனைவி இரண்டையும் ஏற்றினார். அத்தை அதைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் 9, புதன்

வீட்டுக்குள் போனோம். கணுக்கால் அளவு சேறு. சுவரில் என் தோளுக்கு நேராக ஒரு பழுப்புக் கோடு. திருமண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. பயறு டின்னைத் திறந்ததும் நாற்றம். குடில் சுரூபங்களில் மாதா மட்டும் முழுசாக இருந்தார். சூசையப்பரின் முகம் கரைந்துவிட்டது.

சேலையூரிலிருந்து என் கல்லூரித் தோழி வந்தாள். தண்டவாளத்துக்குக் கிழக்கே மேடு, அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ரவை, கொசுவத்தி, ப்ளீச்சிங் பவுடர், நாப்கின். நாப்கினை நினைத்துக் கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான். அழாதே என்றெல்லாம் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 10

எதுவும் வேண்டாம் என்றிருக்கிறது.

டிசம்பர் 13, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவர்த்தி. மகிழ்ச்சியின் ஞாயிறு என்பார்கள். வாசகங்கள் எல்லாம் மகிழச் சொல்லின. எனக்குக் கோபம்தான் வந்தது. யாரிடம் என்று தெரியாத கோபம்.

நற்செய்தி வாசகம் திருமுழுக்கு யோவான் பற்றியது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு என்கிறார். எத்தனையோ முறை கேட்ட வாசகம். இன்று அதைப் பக்கத்து வீட்டுக்காரர் புடவையில் உட்கார்ந்து கேட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

எங்கள் பங்கில் இந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் இல்லை. பங்கின் ஒவ்வொரு அன்பியக் குழுவும் வசூலிப்பதை வெள்ளத்தில் இழந்தவர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு. அந்தப் பட்டியலில் எங்கள் பெயரும் இருக்கிறது. வருஷா வருஷம் ரசீது புத்தகத்தோடு வீடு வீடாகப் போனவள் நான்.

டிசம்பர் 18, வெள்ளி

அரை நாள் லீவு. அத்தை பரங்கிமலைக்குப் போயே ஆக வேண்டும் என்றார்கள். மலைக்கோயில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் மாதாவுக்கு உரியது, அவருடைய திருநாள் இன்று. போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில். அங்குள்ள பஹ்லவி எழுத்துக் கற்சிலுவையில் 1558இல் இதே தேதியில், பூசை நடக்கும்போது இரத்தம் வியர்த்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகளில் அத்தையால் ஏற முடியாது. பின்பக்கச் சாலை வழியாக ஆட்டோவில் போனோம்.

பூசை முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தோம். கீழே விமான நிலையம். முதல் வாரத்தில் சில நாள் மூடிக்கிடந்த ஓடுபாதையில் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. விழுந்த காம்பவுண்டு சுவரை ஆளுக்குப் பாதிச் செலவில் கட்டலாமா என்று சார் காலையில் கேட்டதைச் சொன்னேன்.

அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. "எங்க ஊர்க் கோயிலுக்குள்ளயே ஒரு சொவரு இருந்துச்சு, தெரியும்லா?" என்றார்கள். தெரியும். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம், 1872. இரண்டு கைகளாக விரிந்த கோயில், நடுவில் சுவர். இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம், பீடம் மட்டும் பொது. 1910இல் சுவரை இடித்தார்கள். "எங்க தாத்தா அது இருந்தப்பவும் பூசை பாத்தாரு, இடிச்ச பொறவும் பாத்தாரு. இடிச்ச பொறவு பூசை நல்லாக் கேக்குதுன்னாராம்."

வேறொன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

டிசம்பர் 20

நிவாரணக் கணக்கெடுப்பு. ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தக நகல், வரிசை. நான்காவது மெழுகுவர்த்தியைப் பார்க்கப் போகவில்லை.

டிசம்பர் 23, புதன்

இந்த வருஷம் பலகாரம் வேண்டாம் என்றேன். தெருவே சேற்றைக் கழுவிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்ச் சட்டி வைப்பதா? அத்தை கேட்கவில்லை. "ஏளா, பொறக்கப் போற பிள்ளைக்கு நம்ம வீடு நனைஞ்சது தெரியுமா?" என்றார்கள்.

எங்கள் அடுப்பு இன்னும் சரியாகவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறையில் செய்தோம். வறுத்துப் பொடித்த பயறு, தேங்காய், வெல்லப்பாகு. சாரின் அம்மா கண் தெரியாமலேயே உருண்டைகளை ஒரே அளவில் பிடித்தார். பின்வீட்டு அக்கா மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் தோய்த்துப் போட்டார். அவர் சிரித்ததை மூன்று வாரத்தில் இன்றுதான் பார்த்தேன். மார்கழிக்காக அங்கே காலையில் போட்ட கோலத்தில் பாப்பா சாணிப்பிள்ளையாருக்கு அருகே ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறாள். யாரும் அழிக்கவில்லை.

டிசம்பர் 25, வெள்ளி

நடுஇரவுப் பூசை. குழந்தை சுரூபத்தை முத்தி செய்யும்போது ஏனோ அடக்க முடியாமல் அழுதேன். இன்று பௌர்ணமி. கிறிஸ்துமஸும் பௌர்ணமியும் ஒரே நாளில் வருவது 1977க்குப் பிறகு இப்போதுதானாம்.

மதியம் சேலையூர்த் தோழி குடும்பத்தோடு மட்டன் பிரியாணி கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்கு மார்கழி விரதம், அவர்களுக்கு சாம்பாரும் உருளைக்கிழங்கும். சுவர் ஈரம் காயாத ஹாலில் பாய் விரித்து எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல நாள். இதை எழுதிவைக்க வேண்டும்.

டிசம்பர் 28, திங்கள்

வீட்டை உயர்த்தும் ஆட்களை என் கணவர் அழைத்துவந்தார். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகி வீட்டை அப்படியே தூக்கிவிடுவார்களாம். பிறகு கீழே செங்கல் கட்டு. நான்கு அடி உயர்த்தலாம் என்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் ஆரம்பிக்கலாம், இந்த வாரமே அட்வான்ஸ் தர வேண்டும்.

இவருக்கு சந்தோஷம். பாப்பா இனி கீழே படுக்கப் பயப்பட மாட்டாள். எனக்கும் அது வேண்டும். நிச்சயமாக வேண்டும்.

தண்ணீர் பிறகு எங்கே போகும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "பள்ளத்துக்குத்தாம்மா," என்று கொல்லைப்பக்கம் கை காட்டினார். பின்வீட்டு அக்கா பழுதுபார்த்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். கடகடவென்று சத்தம் கேட்டது.

வாய்க்கால் மாதிரி ஒன்று வெட்டி விடலாம் என்கிறார் இவர். எங்கே வெட்டுவது, யார் மனை வழியாக? சாரிடம் கேட்கலாம் என்கிறார்கள் அத்தை. அட்வான்ஸ் பணம் பீரோவில் இருக்கிறது. அக்காவிடம் இன்னும் பேசவில்லை.