யன்னலோரத்து முகங்கள்

கொட்டாஞ்சேனையில் நான் பிறந்து வளர்ந்த வீடு, ஓர் ஒழுங்கையினுள்ளே சுவர்களை இருபுறமும் அயலாரோடு பகிர்ந்துகொண்ட வரிசை வீடுகளுள் ஒன்று. அதற்குத் தெருப்பக்கமாக ஒரே ஒரு யன்னல் உண்டு. அதன் வழியே உலகத்தைப் பார்ப்பதென்பது எதிர்வீட்டாரைப் பார்ப்பதே. எதிர்வீட்டார் எம்மைப் பார்ப்பதும் அதன் வழியேதான். குழாயடியில் நிற்பவர் யார், எந்த வீட்டில் இன்று அடுப்பெரியவில்லை, வேலைக்குச் செல்லாது படுத்துவிட்டவர் யார் என்பனவெல்லாம் கேளாமலே தெரியவரும். இதனால் விளைந்த தொல்லைகள் பல. எனினும் ஆபத்து வேளையில் யாருடைய கதவைத் தட்டலாம் என்பதை எமக்குக் கற்பித்ததும் அந்த யன்னலே.

பின்னர் தொழில் நிமித்தம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தேன். அங்கு வீடுகள் கதவிலக்கங்களால் மட்டுமே அறியப்படுவன. யன்னலைத் திறந்தால் புகையிரதப் பாதையும் அதற்கப்பாற் கடலின் ஒரு துண்டும் தெரியும். மனித முகம் எதுவும் தெரியாது. அந்த வெறுமையை நான் ஈடுசெய்துகொண்டது வேறொரு யன்னலால். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இணையப் பக்கங்களைத் தேடிக் கொணர்ந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். செல்லவேண்டிய முகவரியை நாம் கூறுகிறோம். அங்குள்ளதை அது கொணர்ந்து காட்டுகிறது. கடைத்தெருவுக்குத் தனியே சென்று மீள்வதைப் போன்ற செயல் இது. போகும் வழியில் உறவினரையும் நண்பரையும் உடனழைத்துச் செல்ல இயலாதா என்ற எண்ணம் சிலருக்கு எழுந்தது. அவ்வெண்ணத்தின் விளைவாக 2005ஆம் ஆண்டில் ‘ஃப்ளொக்’ என்னும் உலாவியின் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் பறவைக் கூட்டத்தைக் குறிக்கும். ஃபயர்ஃபொக்ஸ் உலாவிக்கு ஆதாரமான மொசில்லா நிரலின்மீதே அது கட்டப்பட்டிருந்தது. 2007 நவம்பரில் வந்த அதன் முதற் பதிப்பில், திரையின் ஓரத்தே ஒரு பட்டியில் நண்பர்களின் படங்களும் அவர்கள் இறுதியாக எழுதிய வரிகளும் நிரையாகத் தோன்றும். மேற்புறத்தில் அவர்களது நிழற்படங்கள் வரிசையாக ஓடும். படிக்கும் பக்கமொன்றைப் பிடித்திழுத்து ஒருவரின் பெயர்மீது விட்டால் அது அவரைச் சென்றடையும்.

என் தமக்கை தொண்ணூறுகளிற் கனடாவுக்குச் சென்று ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்ந்துவருபவர். கொட்டாஞ்சேனையை விட்டு வர மறுத்து அங்கேயே தங்கிவிட்ட அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு வந்து என் கணினியின் முன் அமர்வார். பேரப்பிள்ளைகள் பனியில் விளையாடும் படங்களைத் திரையின் மேற்புறத்திற் பார்ப்பார். ஒருநாள் திடீரென்று, “நாங்கள் பார்க்கிறது அவைக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்ப இது எட்டிப் பார்க்கிறதெல்லோ” என்றார்.

அன்று நான் சிரித்தேன். ஆயின் இப்பொருள் பற்றி அதன்பின் நான் படித்த எதுவும் அம்மாவின் அந்தக் கேள்வியினும் ஆழமாகச் சென்றதாகத் தெரியவில்லை. எமது ஒழுங்கையில் ஒருவரைப் பார்ப்பவர் தாமும் பார்க்கப்படுவார். அந்தச் சமநிலையே அயலுறவின் இலக்கணம். உலாவியின் ஓரத்தில் ஒட்டப்பட்ட உறவில் அச்சமநிலை இல்லை. நான் அக்காவைப் பார்த்தது அக்காவுக்குத் தெரியாது. ஆனால் எமக்கிடையே நின்ற நிறுவனத்துக்குத் தெரியும்.

இவ்விடயம் எமக்கு வெறும் தத்துவமாக இருந்ததில்லை. அக்காலத்திற் கொழும்பில் வாழ்ந்த தமிழர், வீட்டிலிருப்போர் விபரத்தைப் பொலிஸ் நிலையத்திற் பதிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் பலர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியதும் வெள்ளவத்தையில் வாழ்ந்தோர் மறக்கக்கூடியவை அல்ல. இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற செய்தி, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அன்பாகவும் ஆகலாம், அச்சமாகவும் ஆகலாம். அதே செய்தியை அக்கா வேறு விதமாகக் கொண்டார். “நீ பின்னேரம் ஒரு வரி எழுதியிருந்தாலே வீட்டை வந்திட்டாய் எண்டு நினைச்சு நிம்மதியாய் வேலைக்குப் போவன்” என்று ஒருமுறை கூறினார். கொழும்பில் மாலையாகும்போது ரொறன்ரோவிற் காலை. என் ஒரு வரி அவரது பகற்பொழுதுக்கு உறுதி வழங்கியது. இதனை அற்பமென ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பாது.

ஃப்ளொக் நெடுங்காலம் வாழவில்லை. 2011 ஜனவரியில் இணைய விளையாட்டு நிறுவனமான சிங்கா அதனை வாங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. 2010 நவம்பரில் தோன்றிய ‘றொக்மெல்ற்’ என்ற உலாவி, முகநூற் கணக்கின்றி உள்ளே நுழையவே இயலாதவாறு அமைக்கப்பட்டிருந்தது. ஒருபுறத்தில் நண்பர், மறுபுறத்திற் செய்திகள், நடுவிற் பக்கம் என்பது அதன் அமைப்பு. அதற்கு முதலீட்டு ஆதரவு வழங்கியோருள் மார்க் அன்றீசன் ஒருவர். 1993இல் மொசாயிக் உலாவியை உருவாக்கியோருள் ஒருவரும் அவரே. பக்கங்களுக்குக் குறிப்பெழுதிக் குழுவினரோடு பகிரும் வசதி மொசாயிக்கின் தொடக்கப் பதிப்புகளிலேயே முயலப்பட்டு நிலைக்காது போயிற்று. எனவே இவ்வாசை உலாவியின் பிறப்போடு உடன்பிறந்தது எனலாம். றொக்மெல்ற்றை 2013இல் யாகூ வாங்கி மூடிவிட்டது.

மொசில்லா வேறொரு வழியைத் தேடியது. 2012 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபொக்ஸின் 17ஆம் பதிப்பில், எந்தச் சமூகத் தளமும் வந்து பொருந்தத்தக்க பொதுவான இடமொன்றை அது ஓரத்தே ஒதுக்கிக் கொடுத்தது. முதலில் வந்து அமர்ந்தது முகநூலின் மெசஞ்சர். 2014 மார்ச்சில் முகநூல் அச்சேவையை நிறுத்திக்கொண்டது. நாற்காலி இருந்தது, அமர்ந்தவர் எழுந்து சென்றுவிட்டார். சில ஆண்டுகளில் மொசில்லா அந்நாற்காலியையும் அகற்றிவிட்டது.

மூன்று முயற்சிகளும் வீழ்ந்தமைக்குத் தனித்தனிக் காரணங்கள் கூறப்படலாம். என் கருத்தில் அடிப்படை ஒன்றே. உலாவி செய்தவரிடம் யன்னல் இருந்தது. முகங்கள் அவரிடம் இருக்கவில்லை. முகங்களை வைத்திருந்தவர் வேறொருவர். இரவல் விளக்கில் வீட்டை ஒளியூட்டுவோர், உரியவர் விளக்கைத் திருப்பிக் கேட்கும் நாளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் மீண்டும் அதே இடத்துக்குச் சென்றேன். 2017 மே மாதத்தில் ஒபேரா உலாவி, மெசஞ்சரையும் வாட்ஸ்அப்பையும் தன் ஓரப்பட்டியிற் பொருத்தி வெளிவந்தது. அக்காவின் பெயரருகே பச்சைப் புள்ளி ஒளிர்ந்தால் அவர் விழித்திருக்கிறார். என் பெயரருகே அது ஒளிர்ந்தால் நான் வீட்டில் இருக்கிறேன். அம்மாவின் பழைய கேள்விக்கு இப்போது விடை மாறியிருந்தது: ஆம், பார்ப்பது அவர்களுக்கும் தெரியும். சமநிலை மீண்டுவிட்டதென்று எண்ணினேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 மணியளவில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. மதபேதமின்றிக் கொழும்பு மக்கள் செவ்வாய்தோறும் திரளும் ஆலயம் அது. சைவரான என் அம்மாவும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கு மெழுகுதிரி ஏற்றத் தவறுவதில்லை. சற்று நேரத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது: “நான் வீட்டிலதான் இருக்கிறன். பக்கத்து வீட்டு அன்ரி பூசைக்குப் போனவ, இன்னும் வரேல்லை. நீ வெளியில இறங்காதை.”

ரொறன்ரோவில் அப்போது சனிக்கிழமை இரவு பதினொன்றேகால். அக்கா உறங்கியிருப்பார், காலையிற் சொல்வோம் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. நீர்கொழும்பு, மட்டக்களப்பு எனச் செய்திகள் வந்தவண்ணமிருந்தன. பிற்பகலில் எமக்கு அண்மையிலுள்ள தெஹிவளையிலும் வெடித்தது. ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியன அரசினால் முடக்கப்பட்டன. கொழும்பிற் பிற்பகல் மூன்றரை ஆனபோது அக்கா விழித்தெழுந்து செய்தியைப் பார்த்திருக்கிறார். என் திரையிற் செய்தித் தளங்கள் குறையின்றித் திறந்தன. ஓரப்பட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அவர் அனுப்பியவை எனக்கு வரவில்லை. நான் அனுப்பியவை போகவில்லை.

அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன். நாள்தோறும் உரையாடிவந்த தமக்கையின் தொலைபேசி இலக்கம் என்னிடம் எழுத்தில் இல்லை. ஈராண்டுகளுக்கு முன் மாறிய என் இலக்கமும் அவரிடம் இல்லை. பெயரைத் தொட்டாற் பேசலாம் என்றிருந்தபோது இலக்கம் எதற்கு? அம்மாவின் குறிப்புப் புத்தகத்திலிருந்த கனடா இலக்கமோ அக்கா முன்பிருந்த வீட்டுக்குரியது.

அன்ரி நண்பகலுக்குப் பின் நடந்தே வீடு திரும்பினார். ஆலயத்தினுள் இடமின்றி வெளியே நின்றமையால் உயிர்தப்பியவர் அவர். சேலையிற் படிந்திருந்த இரத்தம் அவருடையதன்று. அச்செய்தியைக்கூட நான் அக்காவிடம் கூற இயலவில்லை. உயிர்த்த ஞாயிறு ஆகையால் அம்மாவும் அன்ரியுடன் பூசைக்குச் சென்றிருப்பார் என்றே அக்கா முடிவுசெய்துவிட்டிருந்தார்.

இரவு ஏழு மணிக்கு மேல் கொட்டாஞ்சேனை வீட்டின் பழைய தொலைபேசி ஒலித்தது. பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்த இலக்கத்தை மறவாதிருந்த அக்கா, மணிக்கணக்காக முயன்று இணைப்பைப் பெற்றிருந்தார். “நாங்கள் இருக்கிறம்” என்று மட்டும் அம்மா கூறினாராம். பின்னர் இருவரும் வெகுநேரம் எதுவும் பேசவில்லையாம். தடை ஏப்ரல் 30ஆந் திகதி நீக்கப்பட்டபோது அக்கா எனக்கு முதலில் எழுதிய வரி: “உன்ர பச்சை எரியேல்லை. அதுதான் அப்பிடிப் பயந்துபோனன்.”

அந்த வரி என்னை இன்றும் வருத்துகிறது. புள்ளி அணைந்தமை என் நிலைமையைக் காட்டவில்லை. தடையை மட்டுமே காட்டியது. ஆனால் புள்ளிக்கு அவ்வேறுபாட்டைச் சொல்லத் தெரியாது. ஒழுங்கையில் ஒரு யன்னல் சாத்தியிருந்தால், தட்டிப் பார்க்கலாம், அயலாரை விசாரிக்கலாம். ஓரப்பட்டியின் யன்னல் சாத்தப்பட்டபோது தட்டுவதற்குக் கதவே இருக்கவில்லை.

தடை விதித்தோரை மட்டும் குறைகூறி இதனை முடித்துவிடலாகாது. 2018 மார்ச்சில் திகனையில் வன்செயல் மூண்டபோது முகநூல் வழியே வெறுப்புப் பரப்பப்பட்டது உண்மை. அதிற் தமது தளத்துக்கிருந்த பங்கிற்காக 2020இல் அந்நிறுவனமே மன்னிப்புக் கோரியது. வதந்தியைக் கொண்டுசெல்லும் வாய்க்காலும் தாயின் நலத்தைக் கொண்டுசெல்லும் வாய்க்காலும் ஒன்றேயாக இருந்தமையால், ஒன்றை அடைத்தோர் மற்றதையும் அடைத்தனர். எல்லா உறவையும் ஓரிரு நிறுவனங்களின் வாயிலினூடாகவே செலுத்திவிட்டமை எம் பிழை.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருள் மென்பொருள் அமைக்கச் செல்வோர் சிலர் இருப்பீர்கள். உலாவியில் உறவைப் பொருத்தும் ஆசை இனியும் புதுப்பெயர்களுடன் பிறக்கும். அதனை இகழவேண்டியதில்லை, தனியே செல்லும் வழியில் துணை வேண்டுமென்பது மனித இயல்பு. ஆயின் உங்களிடம் என் அம்மாவின் கேள்வியை மூன்றாக விரித்துக் கையளிக்க விரும்புகிறேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியுமா? எமக்கிடையே வேறு யாருக்குத் தெரியும்? அந்த வேறொருவர் விளக்கை அணைத்தால் நாம் ஒருவரையொருவர் கண்டடைய இன்னொரு வழி உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடையில்லாத எந்தப் பட்டியும் உறவுக்கு உதவாது.

2022 ஏப்ரல் 3ஆந் திகதி சமூகத் தளங்கள் மீண்டும் சில மணி நேரம் முடக்கப்பட்டன. அன்று காலை என் ஓரப்பட்டி வெறுமையானதைக் கண்டதும், மேசை லாச்சியிலிருந்த சிறு கொப்பியை எடுத்தேன். அதன் முதற் பக்கத்தில் அக்காவின் இலக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. அவரது சமையலறைச் சுவரில் என்னுடையது ஒட்டப்பட்டிருக்கிறது. இலக்கத்தைச் சுழற்றி, அங்கு நள்ளிரவு என்பதையும் பொருட்படுத்தாது அவரை எழுப்பி, “நாங்கள் இருக்கிறம்” என்றேன்.