மீனும் நெல்லும் ஒரே நீரில்



மண்ணே இல்லாமல் நெல் விளையுமா என்று ஐயுறுவீர்கள். விளையும். கூழாங்கல் நிரப்பிய தொட்டியிலோ மிதக்கும் தெப்பத்திலோ நாற்றை நட்டு, மீன் வளரும் நீரை அதன் வேருக்குக் கொடுக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா மிகுந்தால் மீனுக்கே நஞ்சாகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தச் சத்துகளை நெல் உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் மீனுக்கே திரும்புகிறது.

வளைகுடாவில் 14 ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் தம்பி இதில் மனத்தைப் பறிகொடுத்தான். “காக்கா, நம் மாடியிலேயே தொட்டி கட்டுவோம். வீட்டுக்குச் சோறும் ஆச்சு, விற்க மீனும் ஆச்சு” என்றான். அவனது சேமிப்பு முழுவதும் அதில் அடங்கிவிடும் நிலை.

இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். ஹெக்டேருக்கு 5 டன் நெல் என்பது நல்ல விளைச்சல். அப்படியெனில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. எங்கள் மாடியில் 40 சதுர மீட்டருக்கு 20 கிலோ நெல். அரைத்தால் சுமார் 13 கிலோ அரிசி. ஏழு பேர் உண்ணும் வீட்டில் அது ஒரு வாரத்திற்கும் வராது! அதற்காக நான்கு மாதங்கள் மோட்டார் ஓட வேண்டும். நெருக்கமாக மீன் வளரும் தொட்டியில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே பிராணவாயு குறைந்து மீன்கள் மடியக்கூடும். மீன் தீவனத்தால் பயிருக்குப் போதாத இரும்புச் சத்தையும் பொட்டாசியத்தையும் தனியே வாங்கி இட வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதையும் கூரை தாங்கியாக வேண்டும்.

ஆயினும் இம்முறை பயனற்றதன்று. அதற்குரிய இடம் வேறு. முன்பே மீன்குளம் உடையவருக்கு நீரும் எருவும் செலவின்றிக் கிடைக்கின்றன. சீனாவில் குளத்து நீரின் மேல் மிதவைகளில் நெல் வளர்த்துப் பார்த்திருக்கின்றனர். வேர்கள் சத்தை உறிஞ்சுவதால் குளமும் தூய்மையடைகிறது. வயல் உடையவருக்கோ இன்னும் எளிய வழியுண்டு. அந்நாட்டின் செஜியாங் மாகாணத்துச் சிங்தியன் பகுதியில் நெல்வயலிலேயே மீன் வளர்க்கும் வழக்கம் 1,200 ஆண்டுகளுக்கும் மேலாக நிலவுகிறது. மீன்கள் களையையும் பூச்சியையும் தின்று வயலுக்கு எருவிடுகின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் 2005இல் இதனை உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது.

தம்பி மாடித் திட்டத்தை விடுத்து, ஒரு மீன்குளத்தைக் குத்தகைக்கு எடுத்துள்ளான். சோதனைக்காக நான்கு தெப்பங்களில் மட்டும் நெல் நட்டிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இத்தகைய ஆசையோடு வரக்கூடும். எள்ளி நகையாடாதீர்கள், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவனருகே அமருங்கள்.