கிளைமாக்ஸுக்கு முன்பே எழுந்து வந்த குடும்பம்!

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டில் 'ஆயிரத்தில் ஒருவன்' என்று சொன்னாலே சிரிப்புக் கிளம்பிவிடும். எம்.ஜி.ஆர் படம் இல்லை. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். "உங்க நைனாவுக்குப் படம் புரியலடா. அதான் முடியறதுக்கு முன்னாடியே எல்லாரையும் எழுப்பிக் கூட்டினு வந்துட்டாரு" என்று அம்மா ஆரம்பிப்பார். அப்பா மறுத்ததே இல்லை. "ஆமா, அந்தப் படம் யாருக்குப் புரிஞ்சுது?" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகனுக்கு மட்டும் சிரிப்பு வராது. அப்போது அவனுக்கு எட்டு வயது. சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து வந்ததை அவன் மறக்கவே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு தனுஷின் 'குட்டி'யும் வந்திருந்தது. அப்பாதான் 'ஆயிரத்தில் ஒருவன்' போகலாம் என்றார். காரணம் எளிது. அவர் ஹார்பரில் லோடு தூக்குபவர். படத்தில் கார்த்தியும் கூலிக்காரர்களின் தலைவன். 'பருத்திவீரன்' முடிந்து மூன்று வருடம் கழித்து வரும் கார்த்தி படம் வேறு. அப்பா, அம்மா, மகன், கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி, எதிர்வீட்டு இடியாப்பக்கார அத்தை என்று ஐந்து பேர் கிளம்பினார்கள். 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம்தான். ஆனால், பண்டிகைக் கூட்டத்தில் தியேட்டர் வாசலில் அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

முதல் பாதி முழுக்க விசில். கூலிக்கார முத்து வாயைத் திறந்தாலே தியேட்டர் அதிர்ந்தது. இன்டர்வெல்லுக்குப் பிறகு படம் வேறொன்றாக மாறியது. திரையில் சோழர்கள் பேசிய தமிழைக் கேட்டு, "டேய், இன்னாடா பேசுறானுங்க?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். ரத்தத்தைப் பார்த்துச் சிலர் எழுந்து போனார்கள். தங்கச்சி அழ ஆரம்பிக்க, அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வராண்டாவில் நின்றார். கடைசிக் கட்டத்தில் அப்பா திடீரென்று எழுந்து, "வாங்க போலாம், ஒண்ணும் புரியல" என்றார். அவ்வளவுதான்.

அன்று தமிழ்நாட்டில் பலரும் அதைத்தான் சொன்னார்கள். படம் புரியவில்லை, வன்முறை அதிகம், இரண்டாம் பாதி இழுவை. 'யுகானிக்கி ஒக்கடு' என்ற பெயரில் தெலுங்கில் போனபோது அங்கே நன்றாக ஓடியது. இங்கே அதன் அருமை டி.வி-யிலும் செல்போனிலும் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 2021 புத்தாண்டு அன்று இரண்டாம் பாகத்துக்கான அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி முதல் பாகம் மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது.

கதை 1279-ல் தொடங்குகிறது. சோழப் பேரரசின் கடைசி அரசன் மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. பிறகு அந்த வம்சம் என்ன ஆனது? அந்த இடைவெளியில்தான் செல்வராகவன் கற்பனையை வைத்தார். பாண்டியரிடமிருந்து தப்பிய ஓர் இளவரசன், கடலுக்கு அப்பால் ஒரு தீவு, நூற்றாண்டுகளாகத் தஞ்சைக்குத் திரும்பக் காத்திருக்கும் ஒரு கூட்டம். திருவொற்றியூர்க்காரர்களுக்கு சோழர்கள் அந்நியர்கள் இல்லை. தியாகராஜர் கோயில் சுவர்களில் அவர்களுடைய கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால், கல்வெட்டில் இருப்பது கொடையும் வெற்றியும். படத்தில் வருவது பசியால் மெலிந்த சோழர்கள்.

முற்றுகைப் படங்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையை 1215-ல் ஜான் மன்னன் முற்றுகையிட்ட கதை, 2011-ல் 'அயர்ன்கிளாட்' என்ற படமாக வந்தது. அதில் துண்டாகும் கை கால்களுக்குக் கணக்கே இல்லை. கோட்டைக்குள் இருப்பவர்கள் கடைசிவரை வளைந்து கொடுக்கவும் மாட்டார்கள். உண்மையில் அந்தக் கோட்டையைப் பணிய வைத்தது பசி. சுமார் ஏழு வாரம் தாக்குப்பிடித்து, குதிரைகளைக்கூடத் தின்று, வேறு வழியில்லாமல் சரணடைந்தார்கள். வாள் வீச்சைக் காட்டினால் கைதட்டல் வரும். பசியைக் காட்டினால் யார் கைதட்டுவார்கள்? 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டையும் காட்டியது.

2021 டிசம்பர் 31. முதல் நாள் கொட்டிய மழையின் தண்ணீர் தெருக்களில் இன்னும் வடியவில்லை. மகனுக்கு இப்போது இருபது வயது ஆகப்போகிறது. நண்பர்களோடு இரவுக் காட்சிக்குப் போனான். சிறுவயதில் போய் வந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது. வேறு தியேட்டரில் டிக்கெட் கிடைத்தது.

உள்ளே திருவிழா. 2010-ல் புரியவில்லை என்று கத்திய அதே சோழத் தமிழை, பார்த்திபனோடு சேர்ந்து மொத்தக் கூட்டமும் ஒப்பித்தது. இரும்புக் குண்டைச் சுழற்றிக் கைதிகளின் தலையைச் சிதறடிக்கும் காட்சி வந்தது. திரையில் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். தியேட்டரும் ஆரவாரம் செய்தது. மகனும் விசிலடித்தான்.

பிறகு அந்தக் கடைசி அரை மணி நேரம். துப்பாக்கியோடு வரும் இன்றைய ராணுவம் ஒரு பக்கம். வாளும் வேலும் பட்டினி வயிறுமாக ஒரு கூட்டம் மறுபக்கம். தோற்றவர்களின் பெண்களைச் சிப்பாய்கள் இழுத்துப்போகிறார்கள். கட்டிப்போடப்பட்ட அரசன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சற்று முன்பு ஆரவாரம் செய்த அதே மக்கள்தான் இப்போது சாகிறார்கள். தியேட்டரில் விசில் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செல்போன்கள் மடியில் இறங்கியிருந்தன.

படம் வந்தபோதே இந்தக் காட்சிகளை ஈழப் போரின் கடைசி நாள்களோடு ஒப்பிட்டுப் பலர் பேசினார்கள். அதை அவனும் எங்கோ படித்திருக்கிறான். படித்ததோடு சரி.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. புத்தாண்டுக்கு ஹார்பர் கப்பல்கள் சங்கு ஊதி ஓய்ந்திருந்தன. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"முழுசாப் பார்த்துட்டேன் நைனா. நீ எந்திரிச்ச இடம் எதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. உனக்கு நெஜமாவே புரியலையா?"

அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. இடியாப்பக்கார அத்தை 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் இறங்கி, எங்கெங்கோ இருந்துவிட்டு இந்தத் தெருவுக்கு வந்தவர்.

"புரிஞ்சுதுடா. அக்கா ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்துனு இருந்துச்சு. முந்தானைய வாயில அடைச்சுக்கினு இருந்துச்சு. அதுங்க ஊர்ல எல்லாம் முடிஞ்சு எட்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. தம்பி குடும்பம் இன்னாச்சுன்னு அப்போ தகவலே இல்ல. அத மட்டும் தனியா எழுப்பிக் கூட்டினு வந்தா, ஏன், இன்னாச்சுன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. அதான் எனக்குப் புரியலன்னு சொல்லி எல்லாரையும் எழுப்பினேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ புள்ளைய வச்சிக்கினு வெளிய நின்னா. சொல்லல. அவ சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா, இன்னா இப்போ?"

பன்னிரண்டு வருடமாக வீடே சிரித்த சிரிப்பை அந்த மனிதர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

மறுநாள் காலை. அம்மா தூக்குவாளியைக் கொடுத்து இடியாப்பம் வாங்கிவர அனுப்பினார். அத்தை ஆவி பறக்கத் தட்டைத் திறந்துகொண்டிருந்தார். நேற்றைய படத்தைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அவன் போனான். ஆனால், அவரே கேட்டார்.

"ராத்திரி படத்துக்குப் போனனீ எண்டு அம்மா சொன்னவ. முந்தி நாங்கள் எல்லாரும் போனமே, அந்தப் படமோ?"

"ஆமா அத்த."

அவர் இடியாப்பத்தை இலையில் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

"அதில ஒரு சின்னப் பெடியன் வருவான். ராசாட மகன். அவனுக்குக் கடைசியில என்ன நடந்தது?"

"தப்பிச்சிட்டான் அத்த. முத்து அவனத் தூக்கினு போயிட்டான்."

அத்தை கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு தட்டை மூடினார்.

"அது காணும். எத்தினை கேட்டனீ, பத்தோ?" என்றபடி வாளியில் பன்னிரண்டு வைத்துக் கொடுத்தார்.