காலை ஏழரை மணி

இன்று காலை காந்தி திடலில் நின்றுகொண்டிருந்தேன். மணி ஏழரை ஆனதும் போலீஸ்காரர் இரும்புத் தடுப்பை ஓரமாக இழுத்து வைத்தார். அதற்கே காத்திருந்த மாதிரி முதலில் ஒரு ஸ்கூட்டி, பின்னாலேயே இரண்டு கார்கள். சாலை நடுவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பேத்தியை ஒரு தாத்தா அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார். இன்னொரு கையில் சைக்கிள் தொங்கியது. பிள்ளை அழுதுகொண்டே போனாள்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டிகள் வரக்கூடாது. ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது இந்த குபேர் அவென்யூ. 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப்போர் நினைவுச்சின்னம், தலைமைச் செயலகம் எல்லாம் இதற்குள்தான்.

துறைமுகம் கட்டிய பிறகு கடல் நம் மணலைத் தின்றுவிட்டது. கருங்கல் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றினார்கள். சமீப வருடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, ஆனால் எங்கள் தலைமுறைக்குக் கடற்கரை என்றால் இந்தத் தார்ச்சாலைதான். நான் சைக்கிள் பழகியது இங்கே. அப்பாவுக்கு பைபாஸ் ஆன பிறகு முதன்முதலாக நடக்கவைத்ததும் இங்கேதான்.

வார நாட்களில் செயலகத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன அவசரம்? பக்கத்திலேயே துய்மா வீதி இருக்கிறது, வண்டிகள் அப்படிப் போகலாம். ஞாயிறு மட்டுமாவது பத்து மணி வரை அந்தத் தடுப்பை எடுக்காதீர்கள், தயவுசெய்து.