கேடயச் சுரப்பி

எங்கள் மக்தபில் ஓதிவரும் பதினொரு வயதுச் சிறுமியொருத்தி, முன்பெல்லாம் சபக்கை எல்லோருக்கும் முந்தி ஒப்பிப்பவள். பின்னர் மந்தமானாள். ஓதும்போதே கண்ணயர்வாள், மற்றவர்க்கு உறைக்காத குளிருக்கும் முக்காட்டுக்குள் ஒடுங்குவாள். ஓராண்டாக அவள் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட வேண்டியிராததை அவளுடைய உம்மா கவனித்திருக்கிறார். நானோ, "சோம்பேறி" என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். கிதாபுகள் இதைக் கற்பிக்கவில்லை என்பது சாக்கு. விசாரிக்கத் தோன்றவில்லை, அவ்வளவே.

கழுத்தின் முன்புறம் புடைத்த பிறகே மருத்துவரிடம் சென்றார்கள். குருதியில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தது, தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இருந்தன.

இச்சுரப்பியை அறபியில் 'அல்குத்ததுத் தரகிய்யா' என்பர். 'தரகா' என்றால் கேடயம். உடலைக் காக்கும் படையே அக்கேடயத்தைத் தாக்குவதுதான் இந்நோய். 1912-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்மணிகளிடம் கண்டு எழுதினார். 1956-இல் இலண்டனில் நோயாளிகளின் குருதியில் எதிர்ப்பொருளைக் கண்ட பின்பே அதன் காரணம் துலங்கியது. அயோடின் குறைவால் வரும் கழலை வேறு. உப்பை மாற்றினால் இது தீராது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே மிகுதியாக வருகிறது.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின் மாத்திரையொன்றை விழுங்கி, அரைமணி கழித்தே பசியாறுகிறாள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளென்றால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சில மாதங்களில் உயரம் கூடத் தொடங்கியது.

பலர் முன் கடிந்தவன் பலர் முன்னிலையிலேயே அவளிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்டேன். "பரவாயில்லை, ஹஜரத்" என்று தலைகுனிந்தவள், அன்றைய சபக்கை ஓதத் தொடங்கினாள்.