அலை பார்க்கப் போனோம்

யாத்திரை என்றால் நம்மவருக்குக் காசி, ராமேசுவரம். உல்லாசப் பிரயாணம் என்றால் உதகமண்டலம், கோடைக்கானல். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் பிரயாணம் போவதாக யாராவது சொன்னால், "ஐயோ, ஆஸ்பத்திரியில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அநுதாபத்துடன் விசாரிப்பார்கள். வடசென்னையின் கடற்கரையைப் பற்றி நம்மில் பலருக்குள்ள ஞானம் அவ்வளவுதான். லாரிகள், எண்ணெய்த் தொட்டிகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இவற்றுக்கு அப்பால் அங்கே ஒரு சமுத்திரம் இருக்கிறது என்பதே பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

பங்குனி மாதக் கடைசியில் நாம் அங்கே சென்றது அந்தச் சமுத்திரத்துக்காகவே. நாளைக்கு அலை பெரிதாக வருமா, சிறிதாக வருமா என்று முன்கூட்டியே அறியும் வித்தை ஒன்று உண்டு. உலகத்தின் வேறு மூலைகளில் அது விளையாட்டுக்காரர்களின் வித்தை. போர்ச்சுகல் தேசத்தில் நஜாரே என்னும் ஊருக்கு எதிரே கடலின் அடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அது அலைகளைக் குவித்து மாடி வீடுகளை மிஞ்சும் உயரத்துக்கு எழுப்புகிறது. அவ்வலைகளில் பலகையேறிச் சறுக்குவதற்காக ஜனங்கள் பல நாட்களுக்கு முன்பிருந்தே கணக்குப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். நம் மாமல்லபுரத்திலும் 2025 ஆகஸ்டில் ஆசியச் சறுக்குப் போட்டி நடைபெற்றது. ஆனால் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் அந்தக் கணக்கு விளையாட்டன்று. அன்றைக்கு உலையில் அரிசி விழுமா என்பதும், போனவன் திரும்பி வருவானா என்பதும் அதிலே அடங்கியிருக்கின்றன.

அலை ஆண்ட பட்டணம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. முந்தைய நூற்றாண்டுகளில் கப்பல்கள் கரைக்குத் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரும் மூட்டைகளும் மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்து போகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பக்கத்திலே கட்டுமரக்காரர்கள் துணை வருவார்கள், படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கியெடுப்பதற்கு. அந்தக் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் தங்கள் பாஷையிலேயே சேர்த்துக் கொண்டார்கள் என்பது யாவரும் அறிந்த விஷயம்.

அலை கடக்கத்தகாத நாட்களில் கரையிலே கொடியேற்றிக் கப்பல்களுக்குத் தெரிவிக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கொடியை ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க எந்த யந்திரமும் உதவியிருக்க முடியாது. அலையைப் பார்த்துப் பழகிய கண்களே உதவியிருக்க வேண்டும்.

1875-இல் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினாற்போல் கல்லணைகள் எழுந்தன. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கியிருந்த வாயில் அலைக்கும் மணலுக்கும் இடங்கொடுக்கிறது என்று கண்டு, பிற்பாடு ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை வடகிழக்குப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். கப்பல்களுக்குப் பயம் தீர்ந்தது.

ஆனால் அலைக்கு ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் அதை நிறுத்தினால் பக்கத்து இடத்தில் போய்க் கணக்குத் தீர்த்துக் கொள்ளும். நம் கரையோரத்து மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் மட்டும் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் தென்கை அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. நாம் சுண்டல் தின்னும் மணல்வெளியில் பெரும்பாகம் அப்படிச் சேர்ந்ததே. வடக்கே ராயபுரத்துக்கோ வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் வீடுகளையும் தெருக்களையும் எடுத்துக் கொண்டது. இன்று ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை சாலையோரமாகப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இடையிடையே கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும் போட்டிருக்கிறார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டுக் கடலோரமாக வடக்கே போகிறவர்கள், கடற்கரை என்று சொல்லிக் கொண்டு மைல் கணக்கில் கல்லையே பார்க்கிறார்கள்.

இதனால் அலை பார்க்கும் கலையும் கடினமாயிற்று. சரிந்த மணற்கரையில் அலை ஏறி, நுரைத்து, களைத்துப் போகும். கல்லில் மோதிய அலையோ களைப்பதில்லை. திரும்பிக் கடலுக்குள் போய் அடுத்து வரும் அலையோடு மல்லுக்கு நிற்கிறது. பாட்டன் காலத்து அடையாளங்கள் பேரனுக்கு அப்படியே பயன்படுவதில்லை.

எண்ணத் தெரிந்தால் போதும்

திருவொற்றியூரில், பட்டினத்தார் சமாதிக்கு அருகே, இரண்டு கல்வரிசைகளுக்கு நடுவே ஒதுங்கிய சிறு மணல்திட்டில் பைபர் படகுகள் கிடந்தன. காற்று இல்லை. வானத்தில் மேகமில்லை. கடல் எண்ணெய் பூசினாற்போல் பளபளத்தது. ஆயினும் படகுகள் இறங்கவில்லை. கரையில் குந்தியிருந்த ஒரு பெரியவரிடம், "இவ்வளவு அமைதியாயிருக்கிறதே, ஐயா! ஏன் போகவில்லை?" என்று கேட்டோம்.

"கொஞ்சம் குந்து, சார். நீயே பாரு" என்றார்.

உட்கார்ந்தோம். சில நிமிஷங்கள் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் நீர் முதுகைத் தூக்கினாற்போல் ஒரு மேடு தெரிந்தது, அதன் பின்னே இன்னொன்று, இன்னொன்று. கரையை அணுகியதும் அவை நிமிர்ந்து சுவர்போல் நின்று சரிந்தன. கல்வரிசைமேல் நீர் ஏறி விழுந்தது. ஐந்தாறு அலைகள், பின்னர் பழையபடி அமைதி.

"தெக்கத்தி அலை. எங்கியோ அடிச்ச காத்து, இங்க வந்து காட்டுது" என்றார் பெரியவர்.

அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதை விஞ்ஞானிகள் பெரிய புஸ்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். கடலில் அலை இரண்டு ஜாதி. ஒன்று, உள்ளூர்க் காற்று எழுப்பும் சில்லறை அலை: குட்டையானது, ஒழுங்கற்றது, காற்று நின்றால் தானும் ஓயும். மற்றொன்று, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பெரும் புயற்காற்றில் பிறந்து, பிறந்த இடத்தை விட்டு ஓடிவரும் நெடிய அலை. நமக்கு அது இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியிலிருந்து வருகிறது.

ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதே இதில் ரகசியம். எட்டு விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். பதினாறு விநாடி அலைக்குச் சுமார் 400 மீட்டர். விநாடி இரட்டித்தால் நீளம் நான்கு மடங்கு. நீண்ட அலைதான் வேகமாகவும் ஓடும். பதினெட்டு விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் இரவு பகலாக நடந்து, தென்கோடியிலிருந்து நம் கரைக்கு ஐந்தாறு நாளில் வந்து சேர்கிறது. புயல் அங்கே செத்து அடங்கிய பிறகும் அதன் கடிதம் இங்கே பட்டுவாடா ஆகிறது!

கூட்டம் கூட்டமாக வருவானேன் என்றால், இரண்டு மிருதங்கக்காரர்கள் சிறிதே வேறுபட்ட காலப்பிரமாணத்தில் வாசிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சில சமயம் இருவர் அடியும் ஒன்றாக விழுந்து சப்தம் பெரிதாகும். சில சமயம் ஒன்றை ஒன்று மழுப்பிவிடும். கடலிலும் ஏறக்குறைய ஒரே கால அளவுள்ள அலைவரிசைகள் சேரும்போது அப்படியே நடக்கிறது. சேரும்போது பெரிய அலைகள், மழுப்பும்போது அமைதி. அந்த அமைதியில்தான் படகை இறக்க வேண்டும். மசூலாக்காரன் பார்த்ததும் அதைத்தான். பைபர் படகுக்காரர் பார்ப்பதும் அதைத்தான்.

அலை எங்கே உடையும் என்பதைத் தீர்மானிப்பது கடலின் தரை. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்துக்குச் சற்றே கூடுதலாகக் குறையும் இடத்தில் அலை தலைகுப்புற விழுகிறது. ஆகவே பார் என்னும் பாறைமேடு எங்கே, மணல்திட்டு எங்கே என்று தெரியாதவனுக்கு அலையின் உயரம் மட்டும் தெரிந்து பயனில்லை.

கூண்டும் கைபேசியும்

அலைகளுக்கு ஜோசியம் சொல்லும் நவீன சாஸ்திரம் யுத்தத்தில் பிறந்தது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில், சேனைகளை எந்த நாளில் கரையிறக்கலாம் என்று சொல்வதற்காக ஸ்வெர்ட்ரூப், மங்க் என்னும் இருவர் கணக்கு முறை வகுத்தார்கள். 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கியவர்களுக்கு அது உதவியது. அதே மங்க் 1963-இல் பசிபிக் சமுத்திரத்தில் வரிசையாகக் கருவிகள் வைத்து, தென்கோடியில் பிறந்த அலைகள் அலாஸ்காவரை போய்ச் சேர்வதைக் கண்டுபிடித்தார்.

நம் தேசத்தில் இந்தக் காரியத்தைச் செய்வது ஹைதராபாத்தில் 1999-இல் ஸ்தாபிக்கப்பட்ட இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிலையம். செயற்கைக் கோள்கள் அளக்கும் காற்றையும், கடலில் மிதக்கும் கருவிகள் அளக்கும் அலையையும் சேர்த்துக் கணக்கிட்டு, வரும் நாட்களில் அலை எவ்வளவு உயரம், எத்தனை விநாடி, எந்தத் திக்கு என்று அது சொல்கிறது. இந்த உயரம் சராசரிக் கணக்கு என்பதை மறக்கலாகாது. வரும் அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி அது. இரண்டு மீட்டர் என்று சொன்ன நாளில் ஏறக்குறைய நான்கு மீட்டர் அலை ஒன்றும் வரக்கூடும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு பழைய ஏற்பாடு. ஒன்று முதல் பதினொன்றுவரை எண்கள். பத்தாம் எண் பேரபாயம். பதினோராம் எண்ணுக்கு அர்த்தம், வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்பது. எண்களிலெல்லாம் பயங்கரம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைக் கொட்டி, எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவி வலைகள் கறுத்தபோதும் கூண்டைப் பார்த்தே கரை எச்சரிக்கை அடைந்தது.

ஆனால் கூண்டு புயலுக்குத்தான். காற்றே இல்லாத நல்ல நாளில் வரும் நெடிய அலைக்கு அதனிடம் பதிலில்லை. கேரளத்து மீனவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டார்கள். திருடனைப் போல் சொல்லாமல் வருகிறதல்லவா? அந்தப் பெயரையே 2012-இல் யுனெஸ்கோ சபை ஏற்றுக் கொண்டது. 2020 முதல் இன்காய்ஸ் இதற்கும் எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவப் படிப்பு மாணவர்கள் ஐவரை அலை கொண்டுபோயிற்று. அன்று எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஹைதராபாத்திலிருந்து புறப்பட்ட வார்த்தை, மணலில் நின்ற கால்களைத் தடுக்கும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

இதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டோம். அவர் மடியிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார்; எச்சரிக்கை அதில் வந்திருந்தது. "போன் சொல்றது நடுக்கடல் சமாசாரம், சார். அது நெசந்தான். இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல இன்னா நடக்கும்னு அதுக்குத் தெரியாது. அத்த நாமதான் பாக்கணும்" என்றார்.

"இரண்டும் சரி என்று வைத்துக் கொண்டாலும், போகாத நாளுக்கு யார் படியளப்பார்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

கழிமுகத்தில்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. ஒரு பக்கம் 2001-இல் திறந்த காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். சுற்றிலும் மின் நிலையங்கள். நடுவே முகத்துவாரத்தில் சிறு படகுகள். ஆற்று நீர் வடிந்து கடலுக்குள் பாயும் வேளையில் எதிரே நெடிய அலை வந்தால், இரண்டும் மோதி அலை செங்குத்தாக எழும். அரை மணி பொறுத்தால் அதே வாயில் சாதுவாகிவிடும். எந்தக் கணக்கும் இத்தனை சிறிய இடத்துக்கு இன்னும் இறங்கி வரவில்லை. ஹைதராபாத்துக் கணக்கும் குப்பத்துக் கண்ணும் சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு முழுமையாகும். கரையின் உருவத்தை மாற்றும் ஒவ்வொரு கல்லைப் போடுமுன்பும் அந்தக் கண்ணின் அபிப்பிராயத்தைக் கேட்பதும் நியாயம்.

நேயர்கள் குழந்தைகளோடு எந்தக் கடற்கரைக்குப் போனாலும், நனையாத மணலில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து அலைகள் உடையும் நேரத்தை எண்ணச் சொல்லுங்கள். அதைப் பத்தால் வகுத்தால் ஆறேழு விநாடி வருமானால் அது பக்கத்துக் காற்றின் அலை. பதினான்குக்கு மேல் வருமானால், கடல் எவ்வளவு சாந்தமாகத் தோன்றினாலும் குழந்தைகளின் கையைப் பிடித்துக் கொண்டு பின்னால் வாருங்கள். மீன் வாங்கும் வீட்டார், "இன்னிக்கு மீனு கம்மி, விலை ஜாஸ்தி" என்று கூடைக்காரம்மாள் சொல்லும் நாளில் பேரம் பேசுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். வெயில் காய்ந்த, காற்றில்லாத அந்த நல்ல நாளில், திருவொற்றியூர் மணல்திட்டில் யாரோ அலையை எண்ணிவிட்டுப் படகை இறக்காமல் இருந்திருக்கக் கூடும்.