பதிவேற்றம் என்னும் நுழைவாயில்

கல்லூரிக்கு வாயில் ஒன்றுதான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டு உண்டு. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியாயினும், திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியாயினும், 2020 ஆம் ஆண்டு முதல் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பது இணையவழியில்தான். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் நிழற்படமும் கோப்புகளாக முன்னே செல்கின்றன. நாம் பின்னே செல்கிறோம். அந்த முதல் வாயிலைக் கட்டுவோர் யார்? நாளை, கணினி அறிவியல் பயிலும் நம்மில் சிலரே. ஆகவே அதைப் பற்றிச் சிந்திப்பது நம் கடமையல்லவா?

இவ்வாயிலுக்கு வயது அதிகமில்லை. 1992 மார்ச் 11 அன்று நத்தேனியல் போரன்ஸ்டீன் என்பார் ‘மைம்’ என்னும் முறையில் தம் பாட்டுக் குழுவின் படத்தையும் பாடலையும் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பினார். 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மசிண்டர் என்னும் இருவர், இணையப் படிவத்திலேயே கோப்பைத் தேர்ந்து அனுப்பும் வழியை ஆர்.எஃப்.சி. 1867 என்ற ஆவணத்தில் வகுத்தனர். இன்று நாம் அழுத்தும் பொத்தானின் பிறப்பு அதுதான்.

ரயில் நிலையத்தில் பார்சல் அனுப்பியவர்க்கு இவ்வேலை எளிதில் விளங்கும். அங்கே எடை பார்ப்பர், உள்ளே என்ன என்று கேட்பர், தம் குறியெண்ணை எழுதுவர், கிடங்கில் வைத்துப் பூட்டுவர், ரசீது தருவர். கோப்புக்கும் இவ்வைந்தும் வேண்டும்.

எடையை உலாவியில் பார்ப்பது உதவி. சேவையகத்தில் பார்ப்பதே காவல். உலாவியின் சோதனையை எவரும் தாண்டிவிடலாம். அடுத்து, பெயரின் வாலில் ‘ஜேபிஜி’ என்று இருப்பதாலேயே அது படம் ஆகிவிடாது. உண்மையான ஜேபிஜி கோப்பின் முதலிரு பைட்டுகள் 255, 216 என்னும் எண்களாகும். அவை சரியாக இருப்பினும் படத்தைத் திறந்து பார்த்து மீண்டும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மாணவர் இட்ட பெயரிலேயே கோப்பைச் சேமித்தலும் கூடாது. ‘சான்றிதழ்’ என்ற பெயரில் இருவர் அனுப்பினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடக்கூடும். தமிழ்ப் பெயரில் வேறொரு சிக்கலும் உண்டு. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யுனிகோடில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ‘கொ’ என்ற எழுத்தையே இரு வகையாகக் குறியிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாகிவிடும். ஆகையால் புதுக் குறியெண்ணில் சேமித்து, பழைய பெயரைத் தரவுத்தளத்தில் காட்சிக்காக வைப்பதே முறை. ஒருவர் சான்றிதழை இன்னொருவர் முகவரியை ஊகித்துப் பார்த்துவிடாதபடி, பொதுவாகத் திறந்திருக்கும் அடைவுக்கு வெளியே வைக்கவேண்டும்.

இவை காவலின் இலக்கணம். ஆனால் காவல் மட்டும் போதுமா?

திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே ஒரு கணினி மையத்தில் நான் கண்டது மறக்கவில்லை. ஒரு மாணவி, கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தந்தை. கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படம் 4 மெகாபைட். விண்ணப்பத் தளம் மூன்று முறை மறுத்தது; ‘எர்ரர்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மையத்துக்காரர் படத்தைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே தள்ளினார். தளம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் முத்திரையும் எண்ணும் மங்கிப்போயிருந்தன. இயந்திரம் ஏற்றதை நாளை மனிதர் எப்படிப் படிப்பார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேர் 200 கிலோபைட் வீதம் அனுப்பினால் 20 கிகாபைட். 2 மெகாபைட் வீதம் அனுப்பினாலும் 200 கிகாபைட்தான். அது இன்று ஒரு சாதாரண மடிக்கணினியின் வட்டிலேயே அடங்கும். பெரிய படத்தை வாங்கிக்கொண்டு, எழுத்துக் கெடாமல் சுருக்கும் வேலையைச் சேவையகமே செய்யலாம். கணினியின் சுமையை அம்மாணவியின் தலையில் ஏற்றுவானேன்? மறுக்கத்தான் வேண்டுமென்றால், “உங்கள் கோப்பு 4 மெகாபைட், 2 மெகாபைட்டுக்குள் இருக்கவேண்டும்” என்று தமிழில் காரணம் சொல்லலாமே. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி உண்டு. துண்டு துண்டாக அனுப்பினால் போதும்.

மாணவத் தோழர்களே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுவோர் நம்மிடையே பலர். நாளை நீங்கள் எழுதும் இருபது வரி நிரலின் மறுபுறம் அத்தகைய ஒருவர் காத்திருப்பார். கோப்பை ஐயத்தோடு சோதியுங்கள். அதைக் கொண்டுவந்தவரை அன்போடு நடத்துங்கள். வாயில் காப்போனுக்கு இரண்டுமே அழகு.